தன் கதையைத் தானே எழுதிய மூவலூர் அம்மையார்

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனையும் சேர்த்தே போட்டார்கள். விடுதிச் சாப்பாடு, மரத்தடி அரட்டை என்று கல்லூரி நினைவுகளை எழுதப் பத்துப் பேர் இருக்கிறார்கள்; நீங்களாவது இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு உபயோகமாக மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுங்கள் என்றார்கள். யாரை எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. நம் மாணவியர் பலருக்கும் ஏற்கனவே பெயர் தெரிந்த, ஆனால் ஆள் தெரியாத ஒரு பெண்மணி இருக்கிறார். அவரையே எடுத்துக்கொண்டேன்.

அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022 செப்டம்பர் 5-ஆம் நாள் தொடங்கப்பட்டது. புதுமைப் பெண் திட்டம் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதன் முழுப்பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். அதற்கு முன்பு, 1989-இல், இதே பெயரில் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம் வந்தது. ஆரம்பத்தில் 5000 ரூபாய். ஆனால் எட்டாம் வகுப்பு வரையாவது படித்திருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தார்கள். அந்த விதி சாதாரணமானதல்ல. நான் அரசுப் பள்ளியில் வேலை பார்த்த ஆசிரியை. ஆறாவதோடு பெண்ணை நிறுத்திவிட வந்த தாய்மார்கள், இன்னும் ரெண்டு வருஷம் படிச்சா கல்யாணத்துக்குப் பணம் கிடைக்குமாமே டீச்சர் என்று கேட்டுவிட்டு, திரும்ப வகுப்பில் விட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். படிப்புச் சான்று வாங்க வருகிறவர்கள் அந்தப் பெயரை மூவலூர் திட்டம் என்று சுருக்கித்தான் சொல்வார்கள். மூவலூர் என்பது ஏதோ ஓர் ஆபீசின் பெயர் என்று நினைத்தவர்களும் உண்டு!

மூவலூர் ஓர் ஊர். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில், மார்க்கசகாயேஸ்வரர் கோயில் கொண்ட காவிரிக்கரைக் கிராமம். 2023-இல் மயிலாடுதுறைக்கும் நம் சூரமங்கலத்திலுள்ள சேலம் ஜங்ஷனுக்கும் நேராக ரயில் விட்டார்கள். நாமக்கல், கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் என்று போகும் வண்டி. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீரும் கடைசியில் அந்தப் பக்கம்தான் போகிறது. ஆக, அந்த ஊர் நமக்கு அப்படியொன்றும் தூரமில்லை.

பத்து ரூபாயும் ஒரு பழைய சேலையும்

இராமாமிர்தம் 1883-இல் திருவாரூரில் பிறந்தார். பின்னாளில் இசை வேளாளர் என்று அழைக்கப்பட்ட சமூகம். தகப்பனார் கிருஷ்ணசாமி, தாயார் சின்னம்மாள். வறுமை தாங்காமல் தகப்பனார் வீட்டை விட்டுப் போய்விட்டார். கைக்குழந்தை அல்ல, விவரம் தெரியத் தொடங்கிய ஐந்து வயதுப் பிள்ளையைத் தாயார் மூவலூரைச் சேர்ந்த ஆச்சிக்கண்ணு என்ற தாசியிடம் ஒப்படைத்தார். அதற்குக் கிடைத்தது பத்து ரூபாயும் ஒரு பழைய சேலையும் என்று அம்மையாரின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. ஊர்ப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது இப்படித்தான். பிறந்த ஊர் அல்ல, விற்கப்பட்டு வளர்ந்த ஊர்.

இளைய தலைமுறைக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் பெரிய கோயில்களில் பொட்டு கட்டுதல் என்றொரு சடங்கு இருந்தது. வயதுக்கு வராத சிறு பெண்ணுக்குத் தெய்வத்தின் பெயரால் தாலி கட்டிவிடுவார்கள். அதன்பின் அவள் எந்த மனிதனுக்கும் மனைவியாக முடியாது. கோயிலில் ஆடுவது, பாடுவது, கும்ப ஆரத்தி எடுப்பது அவள் கடமை. அதற்கு மானிய நிலம் உண்டு. தாயிடமிருந்து மகளுக்குச் சொத்து போகும் வழக்கமும் உண்டு. இது வெளியே தெரிகிற பக்கம். மறுபக்கத்தில், ஊர்ப் பெரிய மனிதர், மிராசுதார், ஜமீன்தார் என்று காசுள்ள ஒருவருக்கு அவள் ஆசைநாயகியாக வேண்டும். அவர் கைவிட்டால் இன்னொருவர். பெண் பிறந்தால் அவளும் அதே வழி. சொந்தப் பெண் இல்லாத வீட்டில் ஏழைக் குழந்தையை விலைக்கு வாங்கி வளர்ப்பார்கள். முதுமைக்கு அதுதான் சேமிப்பு. இராமாமிர்தம் அப்படி ஒரு சேமிப்பாகத்தான் அந்த வீட்டுக்குள் போனார்.

அந்தத் தொழிலுக்காகவே அவருக்குப் பாட்டும் ஆட்டமும் எழுத்தும் சொல்லிக் கொடுக்கப்பட்டன. குடும்பப் பெண் ஏடு தொட்டால் குடி கெடும் என்று நம்பிய நாடு இது. அப்போது படிக்கத் தெரிந்த பெண்கள் என்றால் தாசி வீட்டுப் பெண்கள்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள். எந்த வலையில் சிக்க வைக்க எழுத்தைக் கற்றுக் கொடுத்தார்களோ, அந்த வலையைப் பிரிக்கவே அவர் பிற்பாடு அந்த எழுத்தைப் பயன்படுத்தினார்.

மாட்டேன் என்று சொன்ன பெண்

பருவம் வந்ததும் வசதியான ஒரு கிழவருக்கு அவரைக் கொடுக்க ஏற்பாடு நடந்தது. இராமாமிர்தம் மாட்டேன் என்றார். தனக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்த சுயம்புப் பிள்ளையைக் கணவராகத் தேர்ந்துகொண்டு இல்லறம் தொடங்கினார். இன்று கேட்டால், இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அந்த வீட்டுக் கணக்கில் யோசித்துப் பாருங்கள். பத்து ரூபாய் போட்டு வாங்கி, பத்துப் பன்னிரண்டு வருஷம் சோறு போட்டு, வித்தை கற்றுக்கொடுத்த முதல், கைக்கு வரும் நேரத்தில் படி தாண்டிப் போய்விட்டது! உறவும் ஊரும் அவரை எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தான் தப்பித்ததோடு அவர் நின்றிருக்கலாம். நின்றிருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. மாயவரம் வட்டாரத்தில் பொட்டுக் கட்டிய பெண்களின் வீடு வீடாகப் போனார். பெண் பிள்ளைக்குப் பொட்டுக் கட்டாதே, கல்யாணம் பண்ணிக் கொடு என்று தாய்மார்களிடம் பேசினார். மாப்பிள்ளை கிடைக்காத பெண்களுக்கு மாப்பிள்ளை தேடித் திருமணம் நடத்தி வைத்தார். மேடைப் பேச்சைவிட இந்த வேலைதான் கடினம். மேடையில் கைதட்டுவார்கள், வாசற்படியில் நின்று பேசினால் விளக்குமாற்றை எடுப்பார்கள்.

பொதுவாழ்வில் முதலில் அவர் காங்கிரஸ்காரர். கதர் கட்டியவர். 1923 காக்கிநாடா காங்கிரஸ் மாநாட்டுச் சமயத்தில் கொடி பிடிக்கத் தடை வந்தபோது, கொடிகளையே சேலையாகத் தைத்து உடுத்திப் போனார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1925-இல் பெரியார் ஈ.வெ.ரா. காங்கிரசிலிருந்து வெளியேறியபோது அம்மையாரும் வெளியேறிச் சுயமரியாதை இயக்கத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேடையும் கிடைத்தது, எழுத இடமும் கிடைத்தது.

சட்டமன்றத்திலும் தெருவிலும்

பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழித்தவர் யார் என்று கேட்டால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று நாம் பள்ளிக்கூடத்தில் எழுதியிருக்கிறோம். சரியான பதில்தான். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் அவர். அவருடைய தாயார் சந்திரம்மாளும் இதே சமூகத்திலிருந்து வந்தவர். 1927-இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் சபையில் நிறைவேறியது. அப்போது மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் நம் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் என்பது நம் ஜில்லாக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. 1929-இல், கோயில் ஊழியம் செய்தால்தான் மானிய நிலம் என்ற கட்டை அவிழ்க்கும் சட்டத்திருத்தம் வந்தது. நிலம் போய்விடுமே என்ற பயத்தில் பெண்ணுக்குப் பொட்டுக் கட்டுகிறவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதா 1930-இல் முன்வைக்கப்பட்டும் அப்போது நிறைவேறவில்லை. 1947-இல்தான் சட்டமானது.

மறுப்பும் பலமாக இருந்தது. சாஸ்திரம், கலை என்று பேசிய ஆண்கள் ஒருபுறம். அந்தச் சமூகத்துப் பெண்களிலேயே மறுத்தவர்கள் இன்னொருபுறம். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரிய கலைஞர்களே எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். சொத்துரிமையும் வித்தையும் உள்ள ஒரு மரபை விபசாரம் என்ற ஒரே சொல்லால் அழிக்கிறார்களே என்பது அவர்கள் ஆதங்கம். அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. சட்டம் வந்தபின் ஆட்டமும் பாட்டும் வேறு வீடுகளுக்குப் போய் மரியாதை பெற்றன. அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்த பெண்கள் பலர் பெயர் தெரியாமல் மறைந்தார்கள்.

இந்த வழக்கில் இராமாமிர்தம் அம்மையாரின் சாட்சியம் தனி. அவருக்குப் பட்டம் இல்லை, சபையில் நாற்காலி இல்லை, மேடையில் புகழ்பெற்ற பாட்டுக்காரரும் அல்ல. விலைக்கு வாங்கப்பட்ட குழந்தையின் பக்கத்திலிருந்து பேசினார். சபையில் முத்துலட்சுமி அம்மையார் வாதாட, வெளியே இவர் ஊர் ஊராகப் போய் ஆதரவு திரட்டினார். ஒருவர் இல்லாமல் மற்றவர் வேலை பாதிதான் நடந்திருக்கும்.

தாசிகள் மோசவலை

1936-இல் அவருக்கு 53 வயது. அந்த வயதில் ஒரு நாவலை வெளியிட்டார். தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர் என்று பெயர். அந்தக் கால வழக்கப்படி ஒரே புத்தகத்துக்கு இரண்டு தலைப்பு. மைனர் என்றால் வயது குறைந்தவன் என்று அர்த்தமில்லை. அப்பன் சொத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஜவ்வாதும் ஜரிகையுமாகத் திரிகிற பணக்காரப் பிள்ளைக்கு நம் பக்கத்திலும் அந்தப் பெயர்தான்.

கதை அப்படி ஒரு மைனரைப் பற்றியது. தாசி வீட்டு வலையில் அவன் எப்படி விழுகிறான், சொத்து எப்படிக் கரைகிறது, வீட்டில் மனைவி என்ன பாடுபடுகிறாள், கடைசியில் புத்தி எப்படி வருகிறது என்று போகும். கூடவே, அந்தத் தொழிலை விட்டு வெளியே வந்து மற்றவர்களையும் வெளியே கொண்டுவர உழைக்கும் பெண்களும் வருகிறார்கள். நிறைய விவாதம், நிறையப் பிரசங்கம். இன்றைய நாவல் வாசகர்கள் சில இடங்களில் பக்கத்தைத் தள்ளத்தான் செய்வார்கள். மேடையில் பேசிப் பழகியவர் கதைக்குள்ளும் மேடை போட்டுவிடுகிறார்.

அப்புறம் ஏன் படிக்க வேண்டும்? தகவலுக்காகப் படிக்க வேண்டும். தாய்க்கிழவி பெண்ணைப் பழக்கும் முறை, தரகர்களின் வேலை, வருகிறவனிடம் பணத்தை எப்படிக் கறப்பது என்ற தந்திரம் என்று உள்ளே இருந்து பார்த்தவருக்கு மட்டும் தெரிந்த விவரங்கள் அதில் இருக்கின்றன. தாசியை மயக்கும் மோகினியாகவோ, பரிதாபத்துக்குரிய பதுமையாகவோ ஆண்கள் ஏற்கனவே நிறைய எழுதியிருந்தார்கள். அந்த வீட்டுக்குள் இருந்த பெண்ணே எழுதியபோதுதான் அது ஒரு வியாபாரமாக, வரவு செலவோடு, முதலாளியும் கூலியும் சரக்குமாகக் கண்ணில் தெரிந்தது.

தலைப்பைப் பார்த்தால் இன்றைய மாணவிகளுக்குச் சங்கடம் வரும். மோசம் செய்தது பெண்கள்தானா, காசோடு வந்த மைனர் அப்பாவியா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதாங்க. தன் இனத்துப் பெண்களிடம் அம்மையார் கடுமையாகவே இருக்கிறார். ஆனால் முழுக்கப் படித்தால் இன்னொன்றும் தெரியும். வலை என்றால் அதைப் பின்னியவர் உண்டு, இழுப்பவர் உண்டு, அதில் வாழ்பவர் உண்டு. சடங்கு செய்து வைத்த கோயில், மானியம் கொடுத்த பிரபு, அதைப் பெருமையாக நினைத்த ஊர் எல்லாமே அந்த வலையின் கயிறுகள் என்று அவர் காட்டுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, அதிலிருந்து ஒரு பெண்ணால் வெளியே வர முடியும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தானே வந்தவர் ஆயிற்றே!

கடல் கடந்த ஒரு சகோதரி

நான் நம் கல்லூரியில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவள். அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர்களைப் பற்றி வகுப்பில் கேட்டுவிட்டு, அவர்கள் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. மூவலூர் அம்மையாரைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர் ஹேரியட் ஜேக்கப்ஸ். 1813-இல் வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். எஜமானனின் காமத்துக்குத் தப்பி, பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு பொந்தில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்து கிடந்து, பின்பு வடக்கே தப்பிப் போனார். 1861-இல் தன் கதையை லிண்டா பிரெண்ட் என்ற புனைபெயரில் புத்தகமாக்கினார். ஓர் அடிமைப் பெண்ணால் இவ்வளவு நன்றாக எழுத முடியுமா என்று நூறு வருஷத்துக்கு மேல் சந்தேகப்பட்டார்கள். 1980-களில் ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர்தான் கடிதங்களையும் ஆவணங்களையும் காட்டி அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தார்.

இரண்டு பெண்களுக்கும் ஒற்றுமை தெரிகிறது. இருவரும் மனிதரை விலைக்கு வாங்கும் ஏற்பாட்டுக்குள் வளர்ந்தவர்கள். இருவருக்கும் உடம்பே போர்க்களம். இருவரும் வெட்கம் என்று ஊர் மூடி வைத்ததைத் தாங்களே திறந்து எழுதினார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஜேக்கப்ஸ் அம்மாவை அடிமையாக வைத்தவர்கள் வேறு இனத்தார். அவர் குற்றம் சாட்டியது அந்த எஜமானர்களை. மூவலூர் அம்மையாரோ தன்னைப் பெற்ற சமூகத்தை, வளர்த்த வீட்டை, கூடப் பழகிய பெண்களை வைத்து எழுத வேண்டியிருந்தது. வெளியாள் ஏசினால் ஊர் ஒன்றாக எதிர்க்கும். உள்ளாள் எழுதினால் துரோகி என்று சொல்லும். அந்தச் சொல்லைத் தாங்கிக்கொண்டுதான் அவர் எழுதினார். அவர் எழுத்தின் மதிப்பே எனக்கு அதில்தான் இருக்கிறது.

577 மைல் நடந்த அம்மா

1938-இல் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தவர் ராஜாஜி. சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, 1917 முதல் 1919 வரை நம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர் என்பதால் அவரை நாம் நம்மூர்க்காரர் என்றே சொல்லிக்கொள்வோம். அவருடைய அரசு அந்த ஆண்டு ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. எதிர்ப்புக் கிளம்பியது. கட்சி நியாயங்களுக்குள் நான் போகவில்லை. நம் சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். அந்த எதிர்ப்பில் அம்மையார் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

திருச்சி உறையூரிலிருந்து தமிழர் பெரும்படை என்ற நடைப்பயணம் ஆகஸ்ட் 1-ஆம் நாள் கிளம்பியது. ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டு, 42 நாளில் 577 மைல் நடந்து, செப்டம்பர் 11-ஆம் நாள் சென்னை போய்ச் சேர்ந்தது. படையில் ஏறக்குறைய நூறு பேர். அதில் நடந்த ஒரே பெண் மூவலூர் அம்மையார். அப்போது அவருக்கு 55 வயது. ஒரு நாளைக்குச் சராசரி 14 மைல். சூரமங்கலத்தில் கிளம்பி மல்லூரைத் தாண்டிப் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு நாள் நடந்து பாருங்கள், 42 நாள் என்றால் என்ன என்று கால் சொல்லும்.

அதே ஆண்டு நவம்பரில் சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டத்தை வழங்கிய மாநாடு அதுதான். அதை ஒட்டிப் பெண்கள் மறியலில் இறங்கினார்கள். கைதானவர்களில் டாக்டர் தருமாம்பாள் முதலானவர்களோடு இராமாமிர்தம் அம்மையாரும் ஒருவர். ஆறு வாரம் சிறை. கட்டாய இந்தி உத்தரவு 1940 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது.

1944 ஆகஸ்டில் நம் சேலத்தில் கூடிய மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது. அடுத்த ஆண்டு, 1945-இல், அண்ணா நடத்திய திராவிட நாடு இதழில் அம்மையாரின் தமயந்தி என்ற கதை வெளிவந்தது. 62 வயதிலும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 1949-இல் இயக்கம் பிரிந்தபோது அண்ணாவோடு தி.மு.க. பக்கம் வந்தார். 1962 ஜூன் 27-ஆம் நாள் மறைந்தார். பொட்டுக் கட்டும் வழக்கம் சட்டப்படி முடிந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. தான் தொடங்கிய வேலை சட்டமாக முடிந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகும் பாக்கியம் எல்லாப் போராளிக்கும் கிடைப்பதில்லை. அவருக்குக் கிடைத்தது.

பெயர் இருக்கிறது, புத்தகம் எங்கே?

ஆனால் எழுத்தாளராக அவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பெயர் திட்டத்துக்குப் போயிற்று. நாவல் பலகாலம் மறந்துபோயிற்று. தமிழ் நாவல் வரலாறு என்று நாங்கள் புரட்டிய பழைய புத்தகங்களில் அதைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். பிற்பாடு பா. ஜீவசுந்தரி அம்மையாரின் வாழ்வையும் பணியையும் தேடித் தொகுத்துத் தனிப் புத்தகமாக எழுதினார். 2003-இல் கல்பனா கண்ணபிரானும் வசந்த் கண்ணபிரானும் நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார்கள். பெண்கள் தேடியதால் ஒரு பெண் திரும்பக் கிடைத்தார்.

இந்த மறதி நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் சோரா நீல் ஹர்ஸ்டன் என்றொரு கறுப்பின எழுத்தாளர் இருந்தார். மோசவலை வெளிவந்த மறு ஆண்டு, 1937-இல், அவருடைய புகழ்பெற்ற நாவல் வெளிவந்தது. 1960-இல் ஏழையாக இறந்தார். கல்லறைக்கு ஒரு கல்கூட வைக்கப்படவில்லை. 1973-இல் ஆலிஸ் வாக்கர் என்ற இளைய எழுத்தாளர் அந்த இடத்தைத் தேடிப் போய்ப் பெயர் பொறித்த கல்லை நட்டார். அதற்குப் பிறகுதான் ஹர்ஸ்டன் மறுபடியும் கல்லூரிகளில் பாடமானார். எழுதியவர் போன பின்பும் எழுத்து உயிரோடு இருக்க வேண்டுமானால், பின்னால் வருகிறவர் யாராவது ஒருவர் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு ஆசையில்லை. ஒரு கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன். ஐந்து வயதுப் பெண்ணைப் பத்து ரூபாய் கொடுத்து ஒரு வீடு வாங்கியது. நூறு வருஷத்துக்குப் பிறகு ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்து, எட்டாவது வரையாவது படிக்க விடு என்று அந்தப் பெண்ணின் பெயரால் அரசாங்கம் தாய்மார்களைக் கேட்டது. அதற்கும் பிறகு, கல்யாணத்துக்கு என்று இருந்த உதவி கல்லூரிப் படிப்புக்கு என்று மாறி, மாதம் ஆயிரம் ரூபாய் ஆனது. இந்த மூன்று தொகைக்கும் நடுவில் ஒரு பெண் மாட்டேன் என்று சொன்னாள், வீடு வீடாக நடந்தாள், ஜெயிலுக்குப் போனாள். எல்லாவற்றையும் எழுதியும் வைத்தாள். பணம் வாங்கியவர்கள் அந்த எழுத்தையும் வாங்கிப் படித்தால்தான் கணக்கு நேராகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களில் பலர் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் பெண். உங்கள் அம்மாவும் பாட்டியும் தறிக்குழியிலும் மரவள்ளிக் காட்டிலும் கொலுசுப் பட்டறையிலும் உழைத்தவர்கள். அவர்கள் வெளியே சொல்லாத சங்கதிகள் ஏராளமாக இருக்கும். சொன்னால் குடும்ப மானம் போகும் என்று மூடி வைத்ததும் இருக்கும். அதையெல்லாம் யாரோ வெளியூர்க்காரர் வந்து ஆராய்ச்சி செய்து எழுதும் வரை காத்திருக்க வேண்டாம். எழுத்து உங்கள் கையில் இருக்கிறது. வீட்டைப் பற்றி வீட்டிலிருந்தே உண்மையை எழுதுகிறவருக்கு முதலில் ஏச்சுத்தான் கிடைக்கும். மூவலூர் அம்மையாருக்கும் அதுதான் கிடைத்தது. மாலை வெகு நாள் கழித்து வரும்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஆண்டுதோறும் நாம் கல்லூரிக்கு மின்விசிறியும் நாற்காலியும் வாங்கிக் கொடுக்கிறோம், நல்லதுதான். இந்த ஆண்டு நூலகத்துக்கு தாசிகள் மோசவலை நாவலிலும் அம்மையாரின் வாழ்க்கை வரலாற்றிலும் ஐந்தைந்து பிரதிகள் வாங்கிக் கொடுப்போம். என் பங்கை நான் பொருளாளரிடம் கட்டிவிடுகிறேன். அடுத்த சந்திப்பில் அந்தப் புத்தகத்தைப் படித்த ஒரு மாணவி மேடையேறி ஐந்து நிமிடம் பேசட்டும். நாவலைக் குறை சொல்லிப் பேசினாலும் பரவாயில்லை. படித்துவிட்டுப் பேசினால் போதும்.